பாப்பாவின் ஊசிச் சீட்டில் நீ வட்டம் போட்ட சொல்

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ராத்திரி பதினோரு மணிக்கு நீ அனுப்பிய போட்டோவைக் காலையில்தான் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். ஆறாவது வாரத்தில் பாப்பாவுக்குப் போட்ட நிமோனியா ஊசியின் சீட்டில் 'டிப்தீரியா' என்ற சொல்லுக்குச் சிவப்பு வட்டம் போட்டு, "நிமோனியா ஊசியில் தொண்டை அடைப்பான் விஷம் எதற்குப்பா?" என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் பாப்பா அழுததும் பாதியில் வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன், பால் கொடுக்கும்போது மெதுவாகப் படி.

முதலில், பயப்பட ஒன்றுமில்லை. அதில் இருப்பதன் பெயர் சி.ஆர்.எம். 197. விஷத்தின் உருவம் அப்படியே இருக்கும், வேலை செய்யாது. வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கே மறுதொடையில் போட்ட ஐந்து நோய்த் தடுப்பூசியில் நிஜமான டிப்தீரியா விஷத்தையே ஃபார்மலினில் ஊறவைத்து முடமாக்கிச் சேர்த்திருக்கிறார்கள், அதற்கு நீ வட்டமே போடவில்லை! பிரான்ஸின் ரமோன் 1923-ல் கண்ட வழி அது. உனக்கும் சின்ன வயதில் முத்தடுப்பு ஊசியாக அதுதான் போட்டோம்.

இந்த விஷத்தோடு எனக்குப் பழைய பழக்கம். மருத்துவக் கல்லூரி லேபில் இருந்த காலத்தில் வார்டிலிருந்து ஸ்வாப், அதாவது தொண்டையில் தொட்டெடுத்த பஞ்சுக் குச்சி, வந்தால், அதிலுள்ள கிருமியை லோஃப்லர் சீரம் என்ற வளர்ப்பு ஊடகத்தில் ராத்திரி முழுக்க வளர்த்து, காலையில் ஆல்பர்ட் சாயம் ஏற்றிப் பார்ப்போம். டிப்தீரியா கிருமி என்றால் பச்சைக் குச்சிகள், முனையில் கருநீலப் புள்ளிகள், சீன எழுத்து மாதிரி ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். பார்க்க அழகாக இருக்கும், அதைச் சொல்லக் கூடாதுதான்.

ஆனால் அந்தக் குச்சியைக் கண்டுவிட்டதாலேயே நோய் என்று எழுதிவிட முடியாது. விஷத்தை உண்டாக்கும் மரபணு கிருமிக்குச் சொந்தமில்லை, அதற்குள் குடிவந்த ஒரு வைரஸுடையது. பாக்டீரியாவைத் தொற்றுகிற அந்த வைரஸை ஃபேஜ் என்போம். ஃபேஜ் ஏறாத கிருமி தொண்டையில் இருந்தாலும் இந்த விஷத்தைக் கக்காது. விஷமில்லாத கிருமியில் ஃபேஜை ஏற்றினால் அது விஷக் கிருமியாகிறது என்று 1951-ல் சியாட்டிலில் ஃப்ரீமன் காட்டினார். இரவல் வாங்கிய கத்தி என்று வைத்துக்கொள்.

கத்தி இரவல், அதை எப்போது உருவுவது என்ற முடிவு மட்டும் கிருமியுடையது, அதுவும் இரும்புச் சத்தைப் பார்த்து! கிருமியிடம் ஒரு காவல் புரதம் உண்டு. இரும்பு தாராளமாகக் கிடைக்கும்வரை அது இரும்பைப் பிடித்துக்கொண்டு, விஷ மரபணுவின் வாசலில் உட்கார்ந்து மறித்துக்கொள்ளும். நம் தொண்டையில் சும்மா கிடக்கும் இரும்பு மிகக் குறைவு, உடம்பு அதை இறுக்கிப் பூட்டித்தான் வைத்திருக்கிறது. இரும்புப் பஞ்சம் வந்ததும் காவல் எழுந்து போய்விடும், விஷம் கொட்ட ஆரம்பிக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். எலெக் பரிசோதனை என்று ஒன்று செய்வோம், முறிமருந்தில் நனைத்த தாள் பட்டையை அகார் என்ற வளர்ப்புக் கூழில் பதித்து, குறுக்கே கிருமியைக் கோடாக இழுத்துவைத்தால், விஷம் வந்து முறிமருந்தைச் சந்திக்கும் இடத்தில் வெள்ளை இழை ஒன்று தெரியும். ஒருமுறை அந்தக் கூழில் கிருமிக்கு உணவாகச் சேர்க்கும் பெப்டோன் டப்பாவை மாற்றிய நாளிலிருந்து, விஷக் கிருமி என்று நன்றாகத் தெரிந்த கிருமிக்கே இழை விழவில்லை. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் புது பெப்டோனில் இரும்பு அதிகம். பிளேட்டில் கிருமிக்கு விருந்து வைத்துவிட்டு அதனிடம் கோபத்தை எதிர்பார்த்திருக்கிறேன்.

சரி, விஷம் என்ன செய்கிறது? ஜெர்மானிய ஆய்வாளர் லோஃப்லருக்கு 1884-லேயே ஓர் உறுத்தல் இருந்தது. கிருமி புகுந்த இடத்தை விட்டு நகரவில்லை, ஆனால் தூரத்து உறுப்புகள் கெட்டிருக்கின்றன. 1888-ல் பாரிஸில் ரூவும் யெர்சினும் கிருமியை வடிகட்டி நீக்கிவிட்டு வெறும் திரவத்தைச் செலுத்தினார்கள், விலங்குகள் செத்தன.

அந்த விஷம் 535 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே புரதச் சங்கிலி. ஆனால் ஒரு திருட்டுக் கும்பல் மாதிரி அதற்குள் மூன்று பேர். முதல் ஆள் வீட்டை அடையாளம் பார்ப்பவன், நம் செல்களின் மேலிருக்கும் ஒரு வளர்ச்சிக் காரணியின் முன்வடிவத்தைப் பிடித்துக்கொள்வான். இதய செல்களிலும் அது இருக்கிறது, தொண்டை நோயில் இதயம் நின்றுபோவது அதனால்தான். எலிக்கு அந்தப் பிடிமானம் பொருந்தாது, எலி தப்பித்துவிடும். இரண்டாம் ஆள் கன்னக்கோல்காரன். செல் இதை ஏதோ இரை என்று பையில் சுருட்டி உள்ளே இழுக்கும், பைக்குள் அமிலம் ஏறும், அமிலம் பட்டதும் இவன் உருவம் மாறிப் பையின் சுவரில் ஓட்டை போடுவான். அந்த வழியாக மூன்றாமவன் நழுவி உள்ளே போவான். புரதச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக நகர்த்திக் கோக்க உதவும் ஒரு காரணி நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது, அதில் சரியாக ஓரிடத்தில் இவன் ஒரு சுமையை ஒட்டிவிடுவான். நகர்த்தல் நின்றுவிடும், புது புரதம் இல்லை, செல் சாகும். அவன் ஒட்டும் இடத்துக்கே டிஃப்தமைடு என்றுதான் பெயர், நோயின் பெயரை நம் உடம்பின் ஒரு துணுக்கு சுமக்கிறது பார். ஒட்டியதும் அவன் ஓய்வதில்லை, அடுத்ததற்குப் போவான். அவனில் ஒரே ஒருவன் உள்ளே புகுந்தால் போதும், செல் செத்துவிடும் என்று 1978-ல் ஜப்பானியர்கள் காட்டிவிட்டார்கள்.

முறிமருந்துக்கு நேரம் முக்கியம் என்பதும் இதனால்தான். வெளியே சுற்றும் விஷத்தைத்தான் அது பிடிக்கும், செல்லுக்குள் போனதைத் தொட முடியாது. தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தைப் பார்த்தால் என் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்டர்கள் ஏற்றிவிடுவார்கள், அதுதான் சரி.

இப்போது உன் சி.ஆர்.எம். 197-க்கு வருகிறேன். மூன்றாம் ஆளின் சங்கிலியில் 52-ஆவது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும், இதில் குளூட்டாமிக் அமிலம் இருக்கிறது. அந்த ஒரே மாற்றத்தில் அவன் கை விழுந்துவிட்டது. 1970களின் தொடக்கத்தில் உச்சிதாவும் பாப்பன்ஹைமரும் கண்டெடுத்த வகை. நிமோனியா கிருமியின் மேலுறை வெறும் சர்க்கரைப் பொருள், அதைத் தனியாகக் கொடுத்தால் இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் எதிர்ப்புச் சக்தி சரியாகக் கவனிக்காது. இந்தப் புரதத்தோடு ஒட்டிக் கொடுத்தால் கவனித்து நினைவிலும் வைத்துக்கொள்ளும். சர்க்கரையைச் சுமந்து போகும் வண்டி, அவ்வளவுதான்.

அப்புறம், நீ கேட்காத ஒன்று, ஆனால் எனக்குப் பிடித்தது. கும்பலில் முதல் ஆளை மட்டும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் எதிர்ப்புச் சக்தி செல்களுக்குள் சேதி சொல்லும் இன்டர்லூக்கின்-2 என்ற புரதத்தை ஒட்டினால்? அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியைச் சுமக்கும் புற்று செல்களைத் தேடிப்போய் விஷம் உள்ளே இறங்கும். தோலில் வரும் ஒருவகை லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கு 1999-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆண்டாக் என்ற மருந்து இப்படித்தான், சந்தையிலிருந்து போய் 2024-ல் திருத்திய வடிவில் லிம்ஃபிர் என்று திரும்பியது. இன்டர்லூக்கின்-3-ஐ ஒட்டிய எல்சான்ரிஸ், அரிதான ஒரு ரத்தப் புற்றுக்கு 2018-ல் வந்தது. அற்புதம் என்று சொல்ல மாட்டேன், நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவது ஆபத்தான பக்க விளைவு. இன்னொரு சங்கடமும் உண்டு, நாம் எல்லோரும் டிப்தீரியா ஊசி போட்டவர்கள், அதனால் உடம்பில் இருக்கும் பழைய எதிர்ப்பொருளே மருந்தை வழியில் மடக்கிவிடலாம். அதற்காக ஊசி போடாமல் இருக்க முடியுமா, சொல்!

பாப்பாவுக்கு அடுத்த நிமோனியா ஊசி பதினாலாவது வாரம், ஐந்து நோய் ஊசி அதற்கு முன் பத்தாவது வாரத்திலும் உண்டு. காலண்டரில் குறித்துவிட்டேன், மாப்பிள்ளையையும் குறிக்கச் சொல். நானும் அம்மாவும் முந்தின நாள் ரயிலில் வருகிறோம். ஊசி போடும்போது நீ வெளியே போய் நில், பிள்ளையை நான் பிடித்துக்கொள்கிறேன். உன்னையும் நான்தான் பிடித்துக்கொண்டேன், அம்மா வராந்தாவில் நின்று அழுதாள்.

அன்புடன்,
அப்பா