நிலாவுக்கு: சேலஞ்சர் வாங்கு, ஹெமி மட்டும் வேண்டாம்

அன்புள்ள நிலா,

நீ அனுப்பிய மூன்று விளம்பரங்களையும் பார்த்தேன். அதற்குள் உன் அப்பாவும் போன் செய்துவிட்டார். "ஒரு டொயோட்டா கேம்ரி வாங்கிக்கோன்னு நீயாவது அவகிட்ட சொல்லுடா" என்றார். சொல்லப்போவதில்லை. ஒஹையோவின் கொலம்பஸில் தினமும் வேலைக்குப் போய்வர, கடைக்குப் போக, பனிக்காலத்தையும் சமாளிக்க உன்னிடம் இருக்கப்போவது ஒரே கார். அது டாட்ஜ் சேலஞ்சராக இருக்கலாமா என்று கேட்கிறாய். தாராளமாக இருக்கலாம், ஹெமி என்ற பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜின் போட்டதைத் தவிர. அந்த மூன்றில் எது என்பதில்தான் நமக்குள் சண்டை வரும். இதே கேள்வியை வேறு சிலரும் என்னிடம் கேட்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

பழைய தோற்றத்தை மீட்டெடுக்கும் போட்டியை 2005 ஃபோர்டு மஸ்டாங் சூடாக்கியது. மறு வருடமே டெட்ராய்ட் கண்காட்சியில் சேலஞ்சரின் மாதிரி வந்தது: 1970 மாடலின் அதே நாலு வட்ட விளக்கு, அதே நீண்ட பானெட். 2008இல் விற்பனைக்கு வந்து, 2023 டிசம்பரில் கடைசி வண்டி வெளியே வரும் வரை அந்த முகம் பெரிதாக மாறவே இல்லை. இத்தனை அமெரிக்கத்தனமான கார் தயாரானது கனடாவின் பிராம்ப்டனில்! அடித்தளமோ மெர்சிடிஸின் டைம்லரும் டாட்ஜின் கிரைஸ்லரும் ஒரே குடும்பமாக இருந்த காலத்தில் உருவானது. மெர்சிடிஸ் வழி வந்த பாகங்கள் அதில் உண்டு.

அந்த அடித்தளம்தான் உனக்கு லாபம். சார்ஜர் என்ற பெரிய செடானின் அடித்தளத்தைக் கொஞ்சம் சுருக்கி இரண்டு கதவு போட்டதுதான் சேலஞ்சர். கார் பத்திரிகைக்காரர்கள் இதைத்தான் வருடக்கணக்காகத் திட்டினார்கள்: கனம், நீளம், வளைவில் மஸ்டாங் போலத் துள்ளாது. எல்லாம் உண்மை. ஆறு சிலிண்டர் வி6 வண்டியே 3,800 பவுண்டுக்கு மேல். ஆனால் தினமும் ஓட்டுகிறவளுக்கு அந்த அளவுதான் வசதி. டிக்கி 16.2 கன அடி, உன் அப்பா சொல்லும் கேம்ரியைவிட ஒரு கன அடி அதிகம். மஸ்டாங்கில் 13.5. செவர்லே கமாரோவின் கடைசித் தலைமுறையில் வெறும் 9.1. விமான நிலையத்திலிருந்து உன் அம்மாவை இரண்டு பெரிய பெட்டிகளோடு கூட்டிவர வேண்டுமானால் கமாரோவில் ஒரு பெட்டி பின் சீட்டில்தான் வரும். சேலஞ்சரின் பின் சீட்டில் பெரியவர்கள் நிஜமாகவே உட்காரலாம். ஏறி இறங்குவதுதான் பாடு. முன் சீட்டைச் சாய்த்து, சீட் பெல்ட்டை ஒதுக்கி, குனிந்து நுழைய வேண்டும். பாட்டியை அதில் ஏற்ற முயலாதே.

இனி, வாழ்ந்து பார்த்தால் தெரியும் தொல்லைகள். கதவு நீளம். உன் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் பக்கத்து வண்டி நெருங்கி நின்றால், அரைக்கதவைத் திறந்து வயிற்றை எக்கிக்கொண்டுதான் இறங்குவாய். வண்டி கேம்ரியைவிட ஐந்து அங்குலத்துக்கும் மேல் நீளம், பானெட்டின் முனை கண்ணுக்குத் தெரியாது. கூரையைத் தாங்கும் பின்பக்கத் தூண் அத்தனை தடிமன். ஹைவேயில் வலது பக்கம் லேன் மாறும்போது திரும்பிப் பார்த்தாலும் சுவரைத்தான் பார்ப்பாய். கண்ணில் படாத பக்கத்தில் வண்டி வந்தால் சொல்லும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை எல்லா வண்டியிலும் வராது. அது இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடு.

பாதுகாப்பைப் பற்றி இனிப்பாக எதுவும் சொல்ல முடியாது. 2016இல் ஐஐஎச்எஸ் என்ற அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த மூன்று இரண்டு கதவு கார்களையும் மோதிப் பார்த்தது. வண்டியின் முன்மூலை மட்டும் இடிபடும் சோதனையில் கமாரோ நன்று, மஸ்டாங் பரவாயில்லை, சேலஞ்சருக்கு அதற்கும் கீழே. ஓட்டுநர் சீட்டில் வைத்த சோதனைப் பொம்மையின் இடது பாதம் உள்ளே சிக்கிக்கொண்டது. பொம்மையின் காலையே கழற்றிய பிறகுதான் பாதத்தை எடுத்தார்கள். உன் அப்பாவின் பக்கம் நியாயம் இருப்பது இந்த ஒரு இடத்தில்தான். இதைத் தெரிந்துகொண்டும் உனக்கு இந்த வண்டிதான் வேண்டுமென்றால் சரி, மேலே படி.

முதல் விளம்பரம், 2010 ஆர்/டி. விலை குறைவுதான், வேண்டாம். 2015க்கு முந்தைய வண்டிகளின் உட்புறம் முழுக்கக் கட்டி பிளாஸ்டிக், ஆட்டோமேட்டிக் கியரும் பழைய ஐந்து ஸ்பீடு. அதைவிட முக்கியம், விரியும்போது வெடித்துச் சிதறக்கூடிய டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக். இரண்டு ஓட்டுநர்கள் இறந்த பிறகு, 2022 நவம்பரில், 2005 முதல் 2010 வரையிலான சேலஞ்சர், சார்ஜர், மேக்னம், கிரைஸ்லர் 300 ஆகியவற்றில் ஏர்பேக் மாற்றாதவற்றை ஓட்டவே வேண்டாம் என்று நிறுவனமே அறிவித்தது. மாற்றியாகிவிட்டது என்று விற்பவர் வாயால் சொன்னால் போதாது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பான என்எச்டிஎஸ்ஏ தளத்தில் வின் எண்ணை, அதாவது வண்டியின் தனி அடையாள எண்ணைப் போட்டால், நிறுவனம் இன்னும் சரிசெய்து தர வேண்டிய ரீகால் தெரிந்துவிடும், காசு கிடையாது.

இரண்டாவது, நீ உயிரை விடும் அந்த ஆரஞ்சு நிற 2020 ஸ்கேட் பேக் ரகம். 6.4 லிட்டர் ஹெமி, 485 குதிரைத்திறன். ஸ்டார்ட் செய்ததும் வரும் அந்த உறுமல் எனக்கும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஆட்டோமேட்டிக் ஸ்கேட் பேக்கே கேலனுக்கு நகரத்தில் 15 மைல், ஹைவேயில் 24தான். 91 ஆக்டேன் பெட்ரோல் வேறு. பனிக்காலம் வந்தால் தனி டயர் செட் கட்டாயம், ஏனென்றால் ரியர் வீல் டிரைவ். திருடர்களுக்கும் உன் ரசனைதான்: இன்சூரன்ஸ் கணக்குகளை ஆராயும் எச்எல்டிஐ வெளியிட்ட 2020–22 மாடல்களின் திருட்டுப் பட்டியலில் சார்ஜரின் அதிசக்தி ரகமான ஹெல்கேட் முதலிடம், சேலஞ்சரும் முன்வரிசையில். 2021இல் டாட்ஜ் ஒரு மென்பொருள் கொடுத்தது. நான்கு இலக்க எண்ணை அழுத்தாவிட்டால் இன்ஜின் ஐட்லிங்கைத் தாண்டாது. இந்த வண்டியில் அதைப் போட்டார்களா என்று கேள். இன்சூரன்ஸ் கம்பெனியிடம் வின் எண்ணைக் கொடுத்துத் தொகையை முதலில் கேட்டுக்கொள். உன் வயதுக்கு அவர்கள் சொல்லும் எண்ணே பாதி ஆசையைத் தணித்துவிடும்.

ஹெமியின் தனி வியாதியும் ஒன்று உண்டு. வால்வை இயக்கும் லிஃப்டரின் சின்ன உருளை தேய்ந்து நின்றுபோனால், அது கேம் ஷாஃப்டையும் சேர்த்துச் சுரண்டிவிடும். வேலையும் செலவும் பெரிது. எல்லா ஹெமிக்கும் வருமென்று இல்லை, ஆனால் அதற்கெனத் தனியே பணம் எடுத்துவைக்காமல் ஹெமி வாங்கக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் போல்ட் உடைந்தாலும் 'டிக் டிக்' என்று சத்தம் வரும். இன்ஜின் சூடானதும் அது அடங்கிவிடும். அதனால் செகண்ட் ஹேண்ட் ஹெமி பார்க்கப் போகிற யாரும் முதலில் பானெட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆற விட்டு ஸ்டார்ட் செய்யச் சொல், இல்லை இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடு.

மூன்றாவது விளம்பரத்தை நீ ஒப்புக்குத்தான் அனுப்பினாய் என்று தெரியும். சாம்பல் நிறம், 2021 ஜிடி, வி6, ஆல் வீல் டிரைவ். உன் வண்டி அதுதான். "வி6 சேலஞ்சரா?" என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 303 குதிரைத்திறன், எட்டு ஸ்பீடு ஆட்டோமேட்டிக், சாதாரண 87 ஆக்டேன் பெட்ரோல். சாலை காய்ந்திருக்கும்போது முன்சக்கரத் தொடர்பைத் தானே துண்டித்துக்கொள்ளும், வழுக்கும்போது சேர்த்துக்கொள்ளும். கேலனுக்கு 18 மைலும் 27 மைலும். வருடத்துக்கு 12,000 மைல் ஓட்டினால் ஸ்கேட் பேக்கைவிட ஏறக்குறைய 100 கேலன் மிச்சம், விலை வித்தியாசம் தனி. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டுக்கும் அதே முகம்தான். நீ மயங்கியதும் அந்த முகத்தில்தானே? ஒரே குறை, மேனுவல் கியர் வி6இல் கிடையவே கிடையாது. அதுதான் வேண்டுமென்று நீ இதுவரை சொன்னதில்லை, இப்போது கிளப்பாதே.

வி6 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றும் இல்லை. இரண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுவே ஆயில் ஃபில்டர் உட்காரும் பிளாஸ்டிக் கூடு இருக்கிறது. அது விரிசல் விட்டால் ஆயிலோ கூலன்ட்டோ அந்தப் பள்ளத்திலேயே தேங்கும், தரையில் சொட்டு விழ நாளாகும். மெக்கானிக்கிடம் காட்டும்போது டார்ச் அடித்து அந்தப் பள்ளத்தைப் பார்க்கச் சொல். கூலன்ட் அளவையும் பார். அப்புறம் டயர். நான்கும் ஒரே பிராண்டு, ஒரே அளவு தேய்மானம்தானா? ஆல் வீல் டிரைவில் ஒன்றை மட்டும் புதிதாகப் போட்டு ஓட்டுவது நல்லதில்லை.

சனிக்கிழமை வண்டியைப் பார்க்கப் போகிறாய் என்றால் அதற்குள் வின் எண்ணை எனக்கு அனுப்பு. ரீகாலை நான் பார்த்துவிடுகிறேன், இன்சூரன்ஸ் தொகையை நீ கேட்டு வை. டெஸ்ட் டிரைவில் இருபது நிமிடமாவது ஹைவேயில் ஓட்டு, வலப்பக்கம் லேன் மாறிப் பார். அந்தத் தூணோடு உனக்கு ஒத்துப்போகவில்லை என்றால் அங்கேயே சாவியைக் கொடுத்துவிட்டு வா. உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா