சுன்னத்துக்கு நான் கொடுத்த காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஆண் குழந்தைகளின் சுன்னத்துச் செலவை கனடாவின் ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி மறுபடியும் ஏற்க வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். 1994இல் அரசு அதை நிறுத்தியதால் முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும்தான் பாரம் என்கிறார். நான் யாழ்ப்பாணத்து முஸ்லிம், இரண்டு ஆண்பிள்ளைகளின் தகப்பன். எங்களுக்காக அவர் பேசியதற்கு நன்றி. ஆனால் அவர் கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

1990 ஒக்ரோபரில் எங்களை யாழ்ப்பாணத்தை விட்டுத் துரத்தியபோது எனக்கு ஆறு வயது. அடுத்த வருடம் புத்தளத்தில், கிடுகு வேய்ந்த அகதிக் கொட்டிலில்தான் எனக்குச் சுன்னத்து நடந்தது. சுன்னத்துச் செய்யும் ஒஸ்தா மாமா வந்தார், விறைப்பு ஊசி கிடையாது. அன்று அரிசிக்கே நிவாரணத்தை நம்பியிருந்தோம். ஆனாலும் ஒஸ்தா மாமாவுக்குக் கொடுக்க வேண்டியதை, மூட்டை தூக்கிச் சம்பாதித்த காசில் வாப்பா தானே கொடுத்தார். அது தன்னுடைய கடமை என்று நினைத்தார்.

இங்கே ஸ்காபரோவில் என் மூத்தவனின் சுன்னத்துக்கு 350 டொலர் கொடுத்தேன், இளையவனுக்கு 400. தொழிற்சாலைச் சம்பளத்தில் அது சின்னக் காசு இல்லை. இருந்தாலும் என் மார்க்கக் கடமையை ஊரார் வரிப்பணத்தில் செய்ய எனக்கு மனம் வராது. மருத்துவத் தேவைக்குச் செய்யும் சத்திரசிகிச்சைக்கு இன்றும் அரசுதான் பணம் கட்டுகிறது. எட்டு வயதில் தோல் தழும்பாகி, சிறுநீர் போக அழுத ஒரு பையனுக்கு வைத்தியசாலையில் எல்லாம் இலவசமாக நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். எங்கள் மாடியில் வவுனியாவில் இருந்து வந்த இளம் தம்பதி இருக்கிறார்கள், இந்துக்கள். மூன்று மாதக் குழந்தையின் நுனித்தோல் பின்னால் போகவில்லை என்று ஒரு தனியார் கிளினிக்குக்குப் போக, "இப்பவே வெட்டிவிடுவது நல்லது" என்றார்களாம். 100 டொலர் முற்பணம் கட்டிவிட்டு, மிச்சத்துக்கு என்னிடம் கடன் கேட்டு வந்தார்கள். முதலில் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள் என்றேன். அவர் பார்த்துவிட்டு, கைக்குழந்தைக்கு அது இயல்பு, வளர வளரத் தானாக இளகும், பிடித்து இழுக்க வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். முற்பணம் திரும்பி வரவில்லை.

அரசே பணம் கட்டினால் இப்படிப்பட்ட பெற்றோர் என்ன நினைப்பார்கள்? கட்டாயம் செய்ய வேண்டியது என்றுதானே? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தார் 2012இல் சொன்னதை அந்த வாசகர் எடுத்துக் காட்டியிருந்தார். காப்புறுதி கொடுக்கலாம் என்று அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் எல்லாக் குழந்தைக்கும் செய்யச் சொல்லும் அளவுக்குப் பலன் இல்லை என்று சொன்னதும் அவர்களேதான். கனடியக் குழந்தை மருத்துவச் சங்கமும் சிறுநீர்த் தொற்றுக் குறைவது போன்ற பலன்களைப் பார்த்த பிறகுதான், எல்லா ஆண் சிசுக்களுக்கும் வழக்கமாகச் செய்வதைப் பரிந்துரைக்கவில்லை என்று 2015இல் அறிவித்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் தெரிந்த குழந்தை வைத்தியர் ஒருவரிடம் கேட்டு இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கிப் போடுங்கள். என்னைப் போல மார்க்கத்துக்காகச் செய்பவர்கள், பிள்ளைக்கு வலி தெரியாமல் இருக்க என்ன மருந்து கேட்டு வாங்க வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். குழந்தையின் தோலைப் பிடித்து இழுக்கக் கூடாது என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ