மெட்டா டேகில் முப்பது சொல் போட்டால் எண்ணெய் விற்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு தொழில் செய்வோர் தங்கள் இணையதளத்தை கூகுள் தேடலில் முன்னால் கொண்டுவருவது பற்றித் தங்கள் வணிக இணைப்பில் வந்த குறிப்பில் இரண்டு யோசனைகள் இருந்தன. ஒன்று, கீவேர்டு மெட்டா டேகில், அதாவது பக்கத்தின் நிரலில் படிப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் திறவுச்சொற்களைப் பட்டியலிடும் இடத்தில், 20, 30 சொற்களை நிரப்ப வேண்டும். இன்னொன்று, முக்கியச் சொல்லை நூறு சொல்லுக்கு மூன்று முறையாவது எழுத வேண்டும். இரண்டுமே தவறு. அந்த மெட்டா டேகைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்வதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. நூற்றுக்கு மூன்று என்ற கணக்குக்கும் ஆதாரம் கிடையாது. சொல்லைத் திணிப்பதை கூகுளின் ஸ்பேம் விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. குறிப்பை நம்பி நடப்பவரின் பக்கம் பின்னால் போகவும் வாய்ப்பு உண்டு.

எத்தனை முறை எழுதுகிறோம் என்பதைவிட எந்தச் சொல்லை எழுதுகிறோம் என்பதுதான் முக்கியம். காங்கேயம் பக்கம் மரச்செக்கில் எண்ணெய் ஆட்டி விற்பவரின் தளம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முகப்பில் 'பாரம்பரியத் தூய நல்லுணவுத் தைலங்கள்' என்று எழுதி வைத்தால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் அதை யாரும் தேடல் பெட்டியில் தட்டமாட்டார்கள். வாங்குபவர் தட்டுவது 'மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் விலை'. அதையே பலர் ஆங்கில எழுத்தில் தமிழாகத் தட்டுகிறார்கள். ஆங்கிலத்தில் தேடுவோரும் ஒரே மாதிரி தேடுவதில்லை. தென்னிந்தியாவில் 'ஜிஞ்செலி ஆயில்' என்பார்கள், வடக்கே 'தில் ஆயில்', வெளிநாட்டில் 'செசமி ஆயில்'. யாருக்கு விற்கிறோமோ அவர்கள் வாயில் வரும் சொல்தான் திறவுச்சொல் (கீவேர்டு).

அந்தச் சொற்களைக் கண்டுபிடிக்கப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. முதல் இடம் கடைத் தொலைபேசியும் வாட்ஸ்அப்பும்தான். 'அரை லிட்டர் பாட்டில் இருக்கா', 'கருப்பட்டி போட்டு ஆட்டுனதா', 'பார்சல் அனுப்புவீங்களா' என்று கேட்பவர்கள் பேசும் சொற்களை ஒரு மாதம் அப்படியே குறித்து வையுங்கள். அடுத்து, கூகுள் பெட்டியில் 'மரச்செக்கு' என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே விழும் பரிந்துரைகள் பிறர் தேடியவற்றிலிருந்து வருபவை. பக்கத்தின் அடியில் வரும் தொடர்புடைய தேடல்களையும் பாருங்கள். ஒரு சொல் மாதம் எத்தனை முறை தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் விளம்பரக் கருவியான கீவேர்டு பிளானரும் உதவும். ஆனால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு அது நூறிலிருந்து ஆயிரம் வரை என்பது போல அகலமான எண்ணையே காட்டும். அதை ஒரு திசைகாட்டியாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

தளம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், அது தேடலில் எப்படித் தோன்றுகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைவிட நல்ல கருவி இல்லை. அது இலவசம், 16 மாதத் தரவு வரை காட்டும். செயல்திறன் அறிக்கையில் கடைசி மூன்று மாதத்தை எடுத்து, வினவல்களை, அதாவது தேடியவர்கள் தட்டிய சொற்களை, உங்கள் தளம் அவற்றுக்குத் தோன்றிய எண்ணிக்கை வாரியாக அடுக்குங்கள். சராசரி இடம் 8-லிருந்து 20 வரை இருக்கும் சொற்களில்தான் கை வைக்க வேண்டும். கூகுள் உங்கள் பக்கத்தைப் பொருத்தமானது என்று பாதி நம்பிவிட்ட சொற்கள் அவை. அந்தச் சொல் பக்கத் தலைப்பிலோ முதல் பத்தியிலோ இல்லாமல் இருப்பதை அடிக்கடி காணலாம்.

சொல் கிடைத்ததும் அதை வைக்க வேண்டிய இடங்கள் சில தான்: டைட்டில் டேக் (தேடல் முடிவில் தெரியும் தலைப்பு), பக்கத்தின் பெரிய தலைப்பு, முதல் இரண்டு மூன்று வரி, படத்தின் ஆல்ட் உரை (படத்தை விவரிக்க நிரலில் எழுதும் வரி), பிற பக்கங்களிலிருந்து வரும் இணைப்பின் எழுத்து. 'இங்கே சொடுக்கவும்' என்பதற்குப் பதில் 'மரச்செக்கு கடலை எண்ணெய்' என்றே இணைப்பு கொடுங்கள். டைட்டில் 'முகப்பு' என்று இருந்தால் ஒரு நல்ல இடம் வீண். 'மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் – காங்கேயம்' என்று இருக்கட்டும். டைட்டில் எங்கே வெட்டப்படும் என்பது திரையின் அகலத்தைப் பொறுத்தது. தமிழ் எழுத்து அகலமானது, ஆதலால் முக்கியச் சொல் முதலில் வரவேண்டும்.

தமிழுக்கென்றே சில சிக்கல்கள் உண்டு. அவற்றை ஆங்கிலக் கையேடுகள் சொல்வதில்லை. எண்ணெய், எண்ணெயை, எண்ணெயில், எண்ணெய்க்கு என்று சொல் உருமாறுகிறது. பக்கம் தேடலுக்கு ஏற்றபடி இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கும் எஸ்இஓ செருகுநிரல் இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் சிவப்பு விளக்கு காட்டும். அதைப் பச்சையாக்க 'மரச்செக்கு எண்ணெய் வாங்க மரச்செக்கு எண்ணெய் சிறந்த மரச்செக்கு எண்ணெய்' என்று எழுதிக் கெடுத்த பக்கங்கள் ஏராளம். விளக்கு சிவப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும். கருவிகளின் எழுத்து எண்ணிக்கையையும் நம்பக்கூடாது. நம் கண்ணுக்கு 'எண்ணெய்' நான்கெழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் கணினிகள் பயன்படுத்தும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அது ஏழு குறியீடு. அதைப் பக்கத்தின் இணைய முகவரியில் வைத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியோடு 63 எழுத்தாக நீளக்கூடும். தேடலுக்கு அதனால் கெடுதல் இல்லை, பகிரும்போதுதான் அசிங்கம். ஆங்கில எழுத்தில் சுருக்கமான முகவரி வைப்பது வசதி. பழைய முகவரியை மாற்றுவதானால் 301 திசைமாற்று (பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதுக்கு அனுப்பும் ஏற்பாடு) போட மறக்கக்கூடாது. போடாவிட்டால் வந்துகொண்டிருந்த ஆட்களும் 'பக்கம் இல்லை' என்ற செய்தியில் போய் நிற்பார்கள்.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை மட்டும் காட்டும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். பாமினியில் தட்டிய 'தமிழ்' என்ற சொல் தேடுபொறிக்கு ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, அவ்வளவுதான். அப்படிப்பட்ட விலைப்பட்டியல் பிடிஎஃப் எத்தனை இருந்தாலும் தேடலில் கிடைக்காது. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். விலை, அளவு, ஊர் எல்லாவற்றையும் ஒரே போஸ்டர் படமாக ஏற்றுவதும் ஏறத்தாழ அதே கதி. படத்தில் உள்ளதைக் கீழே எழுத்தாகவும் தட்டி வையுங்கள்.

ஒரு பக்கத்துக்கு ஒரு பொருள். 'மரச்செக்கு எண்ணெய் நன்மைகள்' என்று ஒரே விஷயத்தைப் பத்துக் கட்டுரைகளாகப் போட்டால் அவை ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும், விற்பனைப் பக்கம் பின்னால் போகும். நன்மை தேடுபவரும் விலை தேடுபவரும் வேறு வேறு ஆட்கள். 'சர்க்கரை நோய் தீர்க்கும் எண்ணெய்' போன்ற சொற்களுக்குத் தேடல் இருந்தாலும் தொடவே வேண்டாம். நீரிழிவைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய மருத்துவ விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகச் சொற்களை ஒளிப்பது, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி ஒரே பக்கத்தை ஐம்பது முறை போடுவது, கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு 'பெஸ்ட் மரச்செக்கு ஆயில் ஈரோடு' என்று ஒட்டுவது மூன்றும் விதிமீறல். முதல் இரண்டுக்குத் தளம் தேடலில் கீழே தள்ளப்படலாம், நீக்கவும் படலாம். மூன்றாவதுக்குக் கடைப் பதிவே முடக்கப்படலாம். தானியங்கியாக இல்லாமல் கூகுள் ஊழியர் ஒருவர் நேரில் பார்த்து எடுத்த நடவடிக்கை என்றால் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வரும். தவறைச் சரிசெய்த பிறகு மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம்.

மாற்றம் செய்த மறுநாளே பலன் பார்க்க முடியாது. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றி, தேதியைக் குறித்துக்கொண்டு, சில வாரம் பொறுத்து அறிக்கையைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

தங்கள் குறிப்பில் மெட்டா டேக் பற்றிய வரியையாவது திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அந்த ஒரு டேகை நிரப்பித் தருவதற்கே 'எஸ்இஓ பேக்கேஜ்' என்று பணம் வாங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இணையதள வடிவமைப்பாளர் ஒருவர்,
ஈரோடு