யாருடைய மண்ணில் கொண்டுபோய் விடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பெரிய குற்றவாளிகளைத் தூக்கில் போடவும் வேண்டாம், ஆயுள் முழுக்கச் சிறையில் வைத்துச் சோறு போடவும் வேண்டாம், பேசாமல் நாடு கடத்திவிடுங்கள் என்று வாசகர் பகுதியில் சிலர் தொடர்ந்து எழுதுகிறார்கள். உயிரும் போகாது, செலவும் மிச்சம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கே கொண்டுபோய் விடுவது என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம்.

கிரேக்க நகரமான பழைய ஏதென்ஸை உதாரணம் காட்டுவது பொருந்தாது. அங்கே யாரை வெளியேற்றலாம் என்று குடிமக்கள் பானை ஓட்டில் பெயரைக் கீறிப் போடுவார்கள். 6,000 ஓடுகளாவது விழ வேண்டும். மாட்டியவர் 10 ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும், ஆனால் சொத்தும் குடியுரிமையும் அப்படியே இருக்கும். கி.மு. 482இல் அப்படிப் போன அரிஸ்டைடிஸ் என்ற அரசியல் தலைவரை, பாரசீகப் படை வந்ததும் இரண்டே ஆண்டில் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒருவர் கை ரொம்ப ஓங்கிவிடுமோ என்ற பயத்தில் ஒதுக்கி வைத்ததைத் தண்டனை என்று எப்படிச் சொல்வது?

தண்டனையாக, அதுவும் மொத்தமாக, நாடு கடத்தியது பிரிட்டன். முதலில் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பினார்கள். அங்கே விடுதலைப் போர் மூண்டு அந்த வழி அடைபட்டதும் கைதிகளை என்ன செய்வதென்று தெரியாமல் தேம்ஸ் நதியில் பழைய கப்பல்களில் அடைத்து வைத்தார்கள், அப்புறம் 1788இல் ஆஸ்திரேலியாவைப் பிடித்தார்கள். 1868 வரை 1,60,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். பலர் செய்தது சாதாரணத் திருட்டு. தண்டனை ஏழு வருடம்தான் என்றாலும், முடிந்தபின் ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் யார் தருவது? பெரும்பாலோர் திரும்பவே இல்லை. அந்த மண்ணில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்த பழங்குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர்கள் நிலம் போனதுதான் மிச்சம்.

கேட்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் மறுத்தார்கள். 1849இல் நெப்டியூன் என்ற கப்பல் கைதிகளோடு தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக்கு வந்தபோது, குடியேறியிருந்தவர்கள் ஒன்று சேர்ந்து இறங்கவே விடவில்லை. மாதக்கணக்கில் கரையோரம் நின்ற கப்பல் கடைசியில் ஆஸ்திரேலியாவை அடுத்த டாஸ்மேனியா தீவுக்குப் போனது, அங்கேதான் மறுத்துப் பேச ஆள் பலம் போதவில்லை போலும்!

அந்தமான் கதையும் ஆஸ்திரேலியா கதைதான். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு தீவாந்திர தண்டனை என்று அங்கே அனுப்பப்பட்டவர்கள் பட்ட பாட்டை நாம் நிறையவே பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் அந்தக் குடியேற்றத்தோடு வந்த நோய்களில் பெரும் அந்தமானியர் எனும் பழங்குடியினர் ஏறக்குறைய அழிந்தே போனார்கள். இந்திய தண்டனைச் சட்டத்தில் தீவாந்திரம் என்ற தண்டனையை எடுத்துவிட்டு ஆயுள் சிறை என்று மாற்றியது 1955இல் வந்த திருத்தம். சுதந்திரம் கிடைத்தும் அதற்கு எட்டு வருடம் ஆனது!

இன்றைக்கு ஆளில்லாத தீவு என்று தேடினாலும் அதுவும் ஏதோ ஒரு நாட்டின் எல்லைக்குள்தான் இருக்கும். ஆகவே சொந்தக் குடிமகனை வெளியேற்றுவது என்றால் குடியுரிமையைப் பறித்துவிட்டு வேறு யாராவது ஏற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவதுதான். 1948இன் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் தன்னிச்சையாக நாடு கடத்துவதை 9ஆம் பிரிவிலேயே தடுக்கிறது. இருந்தும் நடக்கிறது. அதுவும் நம் வாசகர்கள் மனதில் இருக்கும் கொலைகாரர்களுக்கு அல்ல. 2023 பிப்ரவரியில் மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் அரசு 222 அரசியல் கைதிகளை விமானத்தில் ஏற்றி அமெரிக்காவுக்கு அனுப்பிக் குடியுரிமையையும் பறித்தது. ஸ்பெயின் தன் குடியுரிமையைத் தர முன்வந்தது, அவர்கள் அதிர்ஷ்டம். ரொலாண்டோ அல்வாரெஸ் என்ற கத்தோலிக்க ஆயர் மட்டும் விமானத்தில் ஏற மறுத்தார். மறுநாளே 26 ஆண்டு சிறை விதித்தார்கள். உள்ளே வைத்திருப்பதும் தலைவலியாகிப் போனதோ என்னவோ, 2024 ஜனவரியில் அவரையும் வத்திக்கானுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்