எலும்பு முளைகள் வளர்ந்தால் அலட்சியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்கட்கு,

எமது உறவினர் ஒருவருக்குச் சிறுவயது முதலே முழங்காலைச் சுற்றியும் தோள்பட்டையிலும் கல்லுப்போன்ற எலும்பு முளைகள் இருந்தன; தகப்பனாருக்கும் அவ்வாறே இருந்ததால், பரம்பரை உடல்வாகு என்று வீட்டில் எவரும் பொருட்படுத்தவில்லை. முப்பது வயதைக் கடந்தபின் இடுப்பெலும்பு முளை மீண்டும் பருத்து, இரவில் படுக்கவிடாமல் வலித்தபோதுதான், அது கொன்ட்ரோசார்கோமா எனும் அரிய குருத்தெலும்புப் புற்றுநோயாக மாறியிருந்தது தெரியவந்தது.

இ.எக்ஸ்.டி.1, இ.எக்ஸ்.டி.2 ஆகிய மரபணுக்களில் ஒன்றில் ஏற்படும் பிறழ்வே இம்முளைகளுக்குப் பெரும்பாலும் காரணம்; பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்புண்டு. மிகச் சிலருக்கே புற்றுநோயாகிறது என்பதால் பீதி தேவையில்லை. ஆயினும் உடல் வளர்ச்சி நின்றபின் முளைகளும் வளரக்கூடாது. வளர்ந்தாலோ புதிதாக வலித்தாலோ உடனே எம்.ஆர்.ஐ. பரிசோதனை அவசியம், ஏனெனில் வளர்ந்தோரில் முளையை மூடியிருக்கும் குருத்தெலும்பு உறை 2 சென்ரிமீற்றருக்கு மேல் தடித்திருப்பது சந்தேகத்துக்குரியது. வழமையான கொன்ட்ரோசார்கோமாவுக்குக் கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெரிதாகப் பலனளிப்பதில்லை. முழுமையாக வெட்டியகற்றும் சத்திரசிகிச்சையே பிரதான வழி.

திருகோணமலையிலிருந்து மகரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு இரவு ரயிலேறும் நிலை வருமுன்பே, பாடசாலை வைத்தியப் பரிசோதனையில் இம்முளைகளைக் குறித்துக்கொண்டு, அப்பிள்ளைகளையும் பெற்றோரையும் எலும்பியல் கிளினிக்கில் பதிந்து தொடர்ந்து பார்க்க மாகாண சுகாதாரத் திணைக்களம் ஆவன செய்ய வேண்டும்.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.