சுரங்கத்தை மூடப்போகும் மகளுக்கு

சாம்பியன் ரீஃப்,
கோலார் தங்கவயல்.

அன்புள்ள பாப்பா,

நீ போனில் கேட்ட கேள்விக்கு அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. நீ வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தைச் சீக்கிரம் மூடப்போகிறார்கள், மூடல் திட்டத்தில் தொழிலாளர்களைப் பற்றிய பகுதியை உன்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். "நம்ம ஊர்ல மூடும்போது என்ன நைனா செஞ்சாங்க?" என்று கேட்டாய். ஆளுக்கு ஒரு தொகையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதை வைத்து நீ ஒரு பக்கம்கூட எழுத முடியாது என்பதால் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் தேதி. 2001 பிப்ரவரி 28ல் தங்கவயல் மூடப்பட்டது என்றுதான் எங்கும் போட்டிருக்கும். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. பூட்டு விழுந்தது அன்றைக்குத்தான், சரி. ஆனால் கேஜில், அதாவது சுரங்க லிஃப்டில், இறங்கி ஏறிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பல வருடம் முன்பே தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் 30,000 பேருக்கு மேல் வேலை பார்த்த இடம் இது. கடைசியில் 4,000 பேர்கூட இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு டன் பாறையை அரைத்தால் 40 கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. எங்கள் காலத்தில் அது 3 கிராம் பக்கம் வந்துவிட்டது. அந்த 3 கிராமுக்காக மூன்று கிலோமீட்டர் ஆழத்திலிருந்து பாறையை மேலே இழுக்க வேண்டும், தண்ணீரை இறைக்க வேண்டும், காற்றைக் குளிர வைத்து உள்ளே அனுப்ப வேண்டும். யாருக்குத்தான் கட்டுப்படியாகும்? அதே சமயம், எடுத்த தங்கத்தை உள்ளூர்ச் சந்தை விலைக்கு விற்க விடாமல், அதைவிடக் குறைவாக இருந்த உலகச் சந்தை விலைக்கே அரசு எடுத்துக்கொண்டது. நஷ்டம் என்று காகிதத்தில் எழுதியதில் எத்தனை பங்கு பாறையால் வந்தது, எத்தனை பங்கு அந்த விலையால் வந்தது என்று எங்கள் சங்கத்துக்காரர்கள் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 1990களில் நலிந்த நிறுவனங்களின் வரிசையில் சேர்த்த பிறகு அந்தக் கேள்வியைக் காதில் வாங்க ஆள் இல்லை.

உன் சுரங்கத்திலும் விஷயம் இப்போதே கசிந்திருக்கும். அதனால் அறிவிப்பு வரும் தேதியிலிருந்து உன் கணக்கை ஆரம்பிக்காதே. முன்கூட்டியே மூட்டை கட்டிக்கொண்டு போனவர்கள், போக முடியாத வயதில் மாட்டிக்கொண்டவர்கள், ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர்கள் எல்லாம் உன் பட்டியலில் இருக்கிறார்களா என்று பார்.

உன் பெரிய தாத்தா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்தவர் என்று உனக்குத் தெரியும். ஏன் வந்தார் என்று நீ கேட்டதில்லை. வட ஆற்காட்டில் அவருக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது, பண்ணையார் வீட்டுத் தெருவில் செருப்பு போட்டு நடக்க முடியாது. இங்கே வாராவாரம் கூலி கிடைக்கும் என்று கேள்விப்பட்டு வந்தவர்களில் அவரும் ஒருவர். ஜான் டெய்லர் கம்பெனி 1880ல் வந்து ஆழமாகத் தோண்ட ஆரம்பித்த பிறகு அப்படிக் கிளம்பி வந்தவர்களில் பெரும்பகுதி நம் ஜனங்கள்தான். இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரைகளுக்கு பங்களா, கிளப். நமக்குத் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடு, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்குக் கரண்ட் வந்தது. பெங்களூருக்கே அது 1905ல்தான் போனது. பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தக் கரண்ட் லைன் வீடுகளுக்கு வர எத்தனை காலம் ஆனது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

கம்பெனி கொடுக்காத ஒன்றையும் இந்த ஜனங்கள் இங்கே உண்டாக்கினார்கள். மாரிக்குப்பத்தில் அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். அவர் எழுத்துகளைச் சித்தார்த்த புத்தகசாலை இங்கிருந்துதான் புத்தகமாகப் போட்டது. அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை, 1926ல் அப்பாதுரையார் கையில் இந்த ஊரிலிருந்தே மறுபடி வந்தது. தொழிலாளர்கள் கைரேகை பதிய வேண்டும் என்று கம்பெனி சொன்னபோது 1930ல் வேலைநிறுத்தம் செய்தவர்களும் இவர்களேதான். பகலில் பாறை உடைத்துவிட்டு ராத்திரி விளக்கில் பத்திரிகை படித்திருக்கிறார்கள். மூடும்போது சொத்துப் பட்டியல் போடுவார்கள், பாப்பா. கட்டடம், மோட்டார், இரும்பு, நிலம் எல்லாம் வரும். படிப்பகம், சங்கக் கட்டடம், பஜனைக் கோயில், கால்பந்து மைதானம் இதெல்லாம் யார் பேரில் இருக்கிறது என்று ஒரு வரி எழுது. இல்லாவிட்டால் அது பிறகு யாருக்கும் இல்லாமல் போகும்.

கீழே எப்படி இருக்கும் என்று உனக்கு நான் விவரமாகச் சொன்னதே இல்லை. நீயும் சுரங்கத்தில் இறங்குகிறவள் என்பதால் இப்போது சொல்லலாம். எங்கள் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். ஒரே கயிற்றில் அடி வரை போக முடியாது. கிஃபோர்டு ஷாஃப்ட் என்ற செங்குத்துக் குழியில் இறங்கி, உள்ளேயே நடந்து, வேறு கேஜ் ஏறி மறுபடி இறங்க வேண்டும். காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் திறக்கும், மறுபடி அடைக்கும். அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். சுவரில் கை வைத்தால் சட்டென்று இழுத்துக்கொள்வாய். இடுப்பில் ஒரு துணி, தலையில் தொப்பி, அவ்வளவுதான். உடம்பிலிருந்து வேர்வை சொட்டாது, ஓடும். பாறைக்கு முட்டுக் கொடுத்த டிம்பர் கட்டைகள் முனகுவதை வைத்துப் பாறையின் மனநிலையைக் கணிப்பார் எங்கள் மேஸ்திரி. சில நாள் கையைத் தூக்கி எல்லோரையும் நிற்கச் சொல்வார், கேட்பார், அப்புறம் "திரும்பு" என்பார். ஏன் என்று யாரும் கேட்க மாட்டோம்.

ராக் பர்ஸ்ட் என்றால் உங்கள் நிலக்கரியில் கூரை சரிவது போல இருக்காது. ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறையே வெடிக்கும். மேலே லைன் வீட்டில் பரணில் இருக்கிற பாத்திரம் உருண்டு கீழே விழும். உன் ஆயா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஷாஃப்டுக்கு ஓடுவாள், தெருவே ஓடும். யார் வீட்டு ஆள் என்று தெரியும் வரை எந்த வீட்டிலும் சோறு கிடையாது.

அதே ஆழத்தை நம்பித்தான் விஞ்ஞானிகளும் வந்தார்கள். பூமிக்கு மேலே விழுகிற மற்றக் கதிர்களைப் பாறை தடுத்துவிடும் என்பதால், 2 கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்து 1965ல் காற்று மண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பிடித்தார்கள். உலகத்திலேயே முதல் முறை பிடித்தவர்களில் அவர்களும் உண்டு. டாடா ஆராய்ச்சி நிலையம், ஜப்பான், இங்கிலாந்து எல்லாம் சேர்ந்த வேலை. நான் சேருவதற்கு முன்னால் நடந்தது. ஆனால் "சயின்ஸ்காரர் கேஜ்" என்று பெரியவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். 'கே.ஜி.எஃப்' சினிமாவைப் பார்த்துவிட்டு இந்த ஊரில் துப்பாக்கியைத் தேடுகிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். நிலக்கரிச் சுரங்கத்துக்கு மூடல் திட்டம் கட்டாயம், அதற்கென்று தனிக் கணக்கில் வருடாவருடம் பணம் போட வேண்டும் என்று நீ சொன்னாய். நல்லது. அந்தப் பணம் குழியை நிரப்பி மரம் நடுவதிலேயே தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள். இங்கே மேலே கிடக்கிற மண்ணைப் பார். சயனைடு கலந்து தங்கம் எடுத்த பிறகு கொட்டிய மண்மேடுகள், நாங்கள் சொல்லும் சயனைடு மலைகள், பதின்மூன்று, மூன்று கோடி டன்னுக்கு மேல். ஆடிக் காற்றில் அது பறந்து கொடியில் காயும் துணியில் சாம்பல் நிறத்தில் படியும், சோற்றில் கரகரக்கும். நீ சின்ன வயதில் இருமியதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம். அந்த மண்ணில் மிச்சம் இருக்கிற தங்கத்தை எடுக்க 2024ல் கர்நாடக அமைச்சரவை சம்மதம் கொடுத்தது. மண்ணுக்கு மறுபடி விலை வந்துவிட்டது, சந்தோஷம்.

எனக்கு முக்கியமாகப் படுவது நெஞ்சு. பாறைத் தூசி நுரையீரலில் தங்கினால் உடனே தெரியாது. வேலையை விட்டுப் பத்து, பதினைந்து வருடம் கழித்துக்கூட மூச்சு வாங்க ஆரம்பிக்கும். பக்கத்து லைன் மாமாவுக்கு அப்படித்தான் ஆனது. ஓர் ஆஸ்பத்திரியில் காசநோய் என்று சொல்லி மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தீர்களா என்று கேட்கக்கூட இல்லை. அவரிடம் பழைய எக்ஸ்ரே இல்லை, எத்தனை வருடம் பாறை துளைக்கும் டிரில்லில் நின்றார் என்பதற்கு ஒரு காகிதம் இல்லை. காகிதம் இல்லாமல் நிவாரணம் எப்படிக் கேட்பது? நிலக்கரித் தூசியும் லேசுப்பட்டதில்லை. ஆகவே மூடுவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் எக்ஸ்ரே எடுத்து, எந்த வேலையில் எத்தனை வருடம் என்று எழுதி, ஒரு நகலை அவரவர் கையிலேயே கொடுக்கச் சொல். ஆபீஸ் பீரோவில் இருக்கும் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே. ஆபீஸும் மூடப்போகிறதே!

தண்ணீர், கரண்ட், மருத்துவர், பள்ளிக்கூடம் இதெல்லாம் கம்பெனி தருகிற ஊராக இருந்தால், ஒவ்வொன்றுக்கும் நேரே இனி யார் பொறுப்பு என்று ஒரு பேர் வர வேண்டும். "சம்பந்தப்பட்ட துறை" என்று எழுதினால் அது யாரும் இல்லை என்று அர்த்தம். பயிற்சி கொடுக்கிறோம் என்று ஐம்பது வயது ஆளுக்குக் கணினி சொல்லித் தர வேண்டாம். கேஜை இழுக்கும் வைண்டர் ஓட்டத் தெரிந்தவனுக்கும் வெல்டருக்கும் வேலை எங்கே இருக்கிறது, அங்கே போக ரயில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். இந்த ஊர் பிழைத்தது பயிற்சியால் அல்ல, பெங்களூர் ரயிலால். விடியற்காலை மாரிக்குப்பத்தில் ஏறி ராத்திரி திரும்பி வந்துதான் நான் உன்னைப் படிக்க வைத்தேன்.

நீ அனுப்புவதாகச் சொன்ன படிவத்தைத் தமிழில் மாற்றி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் பழைய ஆட்கள் கூடுவார்கள். ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக் காட்டி, எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கோபப்படுகிறார்கள் என்று குறித்து வைக்கிறேன். அம்மா உனக்கு எள்ளுருண்டை செய்து வைத்திருக்கிறாள், யார் மூலம் அனுப்புவது என்று கேட்கிறாள். அதற்கும் பதில் எழுது.

உன்
நைனா