‘பால் பல்தானே’ என்று சொல்லி எங்களை அனுப்பிவிடாதீர்கள்

குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் மருத்துவர்களுக்கும், பல் சீரமைப்பு நிபுணர்களுக்கும், தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளைப் பிறந்தது முதல் பார்த்துவரும் குழந்தை நல மருத்துவர்களுக்கும் ஒரு தாய் எழுதும் திறந்த மடல்.

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்கு இப்போது 12 வயது. அவளுடைய கீழ்த்தாடையில் இடப்பக்கம் இந்நேரம் முளைத்திருக்க வேண்டிய நிரந்தரப் பல் ஒன்று, வெளியே வர இடமில்லாமல் ஈறுக்குள்ளேயே சாய்ந்து கிடக்கிறது. அந்த இடம் எப்படிப் போனது என்று தேடிக்கொண்டே பின்னால் போனால், அவளுக்கு ஆறரை வயதாக இருந்தபோது நான் கேட்ட ஒரு வாக்கியத்தில் போய் நிற்கிறேன். சொத்தையாகி, வீங்கி, இரவெல்லாம் அவளை அழவைத்த ஒரு பால் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய அன்று, இனி வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டேன். “பால் பல்தானே அம்மா, எப்படியும் விழுந்து புதுப் பல் முளைக்கும்” என்ற பதில் கிடைத்தது. நிம்மதியோடு வீட்டுக்கு வந்தோம்.

அந்தப் பதில் பொய்யில்லை. பால் பல் விழத்தான் செய்யும். ஆனால் அது எப்போது விழ வேண்டிய பல், அதுவரை அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்ற மீதிப் பாதியை யாரும் சொல்லவில்லை. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழத் தொடங்குவதைப் பார்க்கும் எங்களைப் போன்ற பெற்றோர், எல்லாப் பால் பற்களும் அதே காலத்தில் போய்விடும் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். கடைவாயில் இருக்கும் பால் பற்கள் 9 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை என்பது எனக்குத் தெரியாது. என் மகள் இழந்த பல்லுக்கு இன்னும் நான்கைந்து ஆண்டு வேலை மிச்சம் இருந்தது. மெல்லுவதோடு அதன் வேலை முடிவதில்லை. அதற்குப் பின்னால் அப்போதுதான் முளைத்திருந்த, ‘ஆறு வயதுக் கடைவாய்ப் பல்’ எனப்படும் நிரந்தரப் பல் முன்னே நகர்ந்துவிடாமல் தடுத்து நின்றதும் அந்தப் பால் பல்தான். தடை நீங்கியதும் பின்பல் முன்னே சாய்ந்தது. இந்த நகர்வு பல்லைப் பிடுங்கிய முதல் ஆறு மாதங்களில்தான் மிக விரைவாக நடக்கும் என்பதை, ஐந்து ஆண்டுகள் கழித்து, முழுத் தாடையையும் ஒரே படத்தில் காட்டும் எக்ஸ்-ரேயின் முன் நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன்.

பின்னர் படித்ததில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. பால் கோரைப்பல்லும் அதற்கடுத்த இரண்டு பால் கடைவாய்ப் பற்களும் சேர்ந்து பிடித்திருக்கும் இடம், அவற்றின் இடத்தில் பின்னர் முளைக்கும் மூன்று நிரந்தரப் பற்களுக்குத் தேவையானதைவிடக் கொஞ்சம் அதிகம். கீழ்த்தாடையில் ஒவ்வொரு பக்கமும் சராசரியாக 1.7 மில்லிமீட்டர், மேல்தாடையில் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர். கேட்பதற்குச் சொற்பமாகத் தோன்றும் இந்த அளவுதான், பல குழந்தைகளுக்கு நெருக்கமாக முளைத்த முன்பற்கள் கொஞ்சம் தளர்ந்து வரிசையில் அமர உதவும் கையிருப்பு. என் மகளுக்கும் அந்தக் கையிருப்பு இருந்தது. அதைக் காக்க, பக்கத்துப் பல்லில் மாட்டும் ஒரு உலோக வளையமும் அதிலிருந்து வெற்றிடத்தின் குறுக்கே நீளும் ஒரு கம்பி வளைவும் போதுமாக இருந்திருக்கும். ‘ஸ்பேஸ் மெயின்டெய்னர்’ என்று நீங்கள் சொல்லும் அந்தச் சிறிய பொருளின் பெயரைக்கூட அன்று நான் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பல்லைப் பிடுங்கியதே தவறு என்று நான் வாதிடவில்லை. சீழ் பிடித்துக் காப்பாற்ற முடியாத நிலைக்கு வந்த பல்லை எடுக்கத்தான் வேண்டும். அந்த முடிவு உங்களுடையது. எல்லா வெற்றிடத்துக்கும் கம்பி தேவைப்படாது என்பதும், எந்தப் பல், எந்த வயது, அடியில் இருக்கும் பல் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதையெல்லாம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதும் எனக்கு இப்போது தெரியும். நான் கேட்பது அந்தக் கணக்கை எங்கள் முன்னால் போடுங்கள் என்பதுதான். பல்லைப் பிடுங்கும் நாளிலேயே, இந்த இடத்தை இனி என்ன செய்யப்போகிறோம் என்ற பேச்சும் நடக்க வேண்டும். கம்பி வேண்டாம் என்பது உங்கள் முடிவானால், எத்தனை மாதங்களில் மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றாவது சொல்லி அனுப்புங்கள்.

குழந்தை நல மருத்துவர்களே, இந்தக் கதை ஆறரை வயதில் தொடங்கியதல்ல என்பதால் உங்களிடமும் பேச வேண்டியிருக்கிறது. முதல் பால் பல் பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டி முளைக்கிறது. இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடுகின்றன. அந்தக் காலம் முழுவதும் எங்கள் குழந்தைகளைத் தவறாமல் பார்ப்பவர்கள் நீங்கள். எடை, உயரம், தலைச்சுற்றளவு எல்லாம் அளந்து குறிக்கிறீர்கள். அதே மேசையில் குழந்தையின் மேலுதட்டைக் கட்டைவிரலால் லேசாகத் தூக்கிப் பார்க்கச் சில நொடிகள் போதும். சொத்தை முதலில் கறுப்பாக வருவதில்லை. மேல் முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு பூசியது போன்ற மங்கலான வெள்ளைக் கோடாகத்தான் வருகிறது. எங்கள் கண்ணுக்கு அது பால் படிந்ததுபோலத் தெரியும். உங்களுக்கு அது என்னவென்று தெரியும். அந்த நிலையில் பிடித்துவிட்டால் துளையிடவே தேவையின்றி, ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, பல் துலக்குவதையும் இனிப்பையும் ஒழுங்குபடுத்தி, அந்தப் பல்லை மீட்டுவிட முடிகிறது. பால் பல்லின் எனாமல் மெல்லியது என்பதால், விட்டுவிட்டால் சொத்தை உள்ளே பாய அதிக காலம் எடுப்பதில்லை.

என் மகள் இரண்டு வயது வரை புட்டிப் பாலை வாயில் வைத்துக்கொண்டேதான் தூங்குவாள். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும், அதனால் வாயில் தேங்கும் பாலின் சர்க்கரையைக் கழுவிவிட ஒன்றுமே இருக்காது என்று அந்த இரண்டு ஆண்டுகளில் ஒரே ஒருவர் சொல்லியிருந்தால் போதும், நான் அந்த வழக்கத்தை நிறுத்தியிருப்பேன். பசி, காய்ச்சல், வளர்ச்சி என்று எத்தனையோ கேட்டேன். பல்லைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை, சொல்ல வேண்டும் என்று மருத்துவர்களுக்கும் தோன்றவில்லை. முதல் பிறந்தநாளுக்குள் குழந்தையை ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்று உலகெங்கும் குழந்தைப் பல் மருத்துவர்கள் பரிந்துரைத்துவருகிறார்கள். அது பெற்றோர் காதுக்கு எட்டும் ஒரே வழி நீங்கள்தான். பால் பற்களில் சொத்தையோடு வாழும் குழந்தைகள் உலகில் 51 கோடிக்கும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022ஆம் ஆண்டு அறிக்கையில் கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு பேருடைய பெற்றோரும் அக்கறையற்றவர்களாக இருக்க முடியாது.

பற்பசை பற்றியும் தெளிவாகச் சொல்லுங்கள். மூன்று வயது வரை அரிசி மணியளவு, அதன்பின் ஆறு வயது வரை பட்டாணியளவு, குறைந்தது 1000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ளது என்று அளவோடு சொன்னால் நாங்கள் செய்துவிடுவோம். “நன்றாகத் துலக்குங்கள்” என்பதை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

ஆறு வயதுக் கடைவாய்ப் பல்லுக்கும் ஒரு வார்த்தை. எந்தப் பல்லும் விழாமல், எல்லாப் பால் பற்களுக்கும் பின்னால், வலியும் ஆரவாரமும் இல்லாமல் அது முளைக்கிறது. அதனால் அதையும் பால் பல் என்றே எண்ணி, சொத்தை விழுந்தாலும் போகட்டும் என்று இருந்துவிடும் பெற்றோரை என் உறவிலேயே பார்த்திருக்கிறேன். அது ஆயுள் முழுவதற்கும் உரிய பல். அதன் மேற்பரப்பில் உள்ள ஆழமான பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் என்ற பூச்சு உண்டு என்பதை, பல் முளைக்கும் அந்த வயதிலேயே நீங்களாக முன்வந்து சொல்ல வேண்டும். கேட்கத் தெரியாதவர்களுக்குக் கேட்காமலே சொல்வதைத்தான் இந்த மடல் முழுவதும் வேண்டுகிறேன்.

பல் சீரமைப்பு நிபுணர்களே, உங்களிடம் நாங்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறோம். எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும், பிறகு கிளிப் போட்டுக்கொள்ளலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை நம்பிக் காத்திருக்கிறோம். ஏழு வயதில் ஒருமுறை காட்டுவது நல்லது என்ற உங்கள் துறையின் அறிவுரையைக் கேட்கும் சிலரோ, ஏழு வயதிலேயே கம்பி கட்டிவிடுவார்கள் என்று பயந்து வராமல் இருந்துவிடுகிறார்கள். இந்த இரண்டையும் நீங்கள்தான் தெளிவாக்க வேண்டும். ஏழு வயதில் பார்க்கப்படும் குழந்தைகளில் பலருக்கு அப்போது எதுவும் செய்ய வேண்டியதில்லை. “இப்போது வேண்டாம், அடுத்த ஆண்டு வாருங்கள்” என்று ஒரு நிபுணர் சொல்வதும் சிகிச்சைதான். அதை நாங்கள் மதிப்போம்.

காத்திருக்கக் கூடாதவை எவை என்பதையும் அதே தெளிவோடு சொல்லுங்கள். மேல்தாடை குறுகி, கடிக்கும்போது கீழ்த்தாடை ஒரு பக்கமாக விலகிப்போகும் குழந்தைக்கு, அண்ணத்தை விரிக்கும் கருவி வளரும் வயதில்தான் எளிதாக வேலை செய்யும். நிரந்தர முன்பற்கள் முளைத்த பின்னும் விரல் சூப்பும் குழந்தைக்கு, முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுந்துவிடுகிறது. மேல் கோரைப்பற்கள் சரியான பாதையில் இறங்குகின்றனவா என்பதை 10 வயதை ஒட்டி ஈறைத் தடவிப் பார்த்தே ஓரளவு ஊகிக்க முடியும். பாதை தவறியிருந்தால், தக்க நேரத்தில் அதன் இடத்தில் இன்னும் விழாமல் இருக்கும் பால் கோரைப்பல்லை எடுப்பதாலேயே சில பிள்ளைகளுக்கு அது நேர்ப்பட்டுவிடுகிறது. எத்துப்பல்லைப் பொறுத்தவரை, சிறு வயதிலேயே முதல் கட்டச் சிகிச்சை செய்வதால் இறுதியில் கிடைக்கும் பல்வரிசை, பதின்ம வயதில் ஒரே கட்டமாகச் செய்வதைவிடச் சிறப்பாக அமைந்துவிடுவதில்லை என்றும், ஆனால் விழுந்து அடிபட்டு முன்பல் உடையும் ஆபத்து அதனால் குறைகிறது என்றும் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே எங்களிடம் சொல்லுங்கள். ஓடியாடி அடிக்கடி விழும் பிள்ளைக்கும் அமைதியான பிள்ளைக்கும் முடிவு வேறாக இருக்கலாம். அதை எடைபோட எங்களாலும் முடியும்.

கம்பி கட்டுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய பேச்சைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. கம்பியைக் கழற்றும் நாளோடு சிகிச்சை முடிவதில்லை. நகர்த்தப்பட்ட பல்லைச் சுற்றியுள்ள எலும்பு உறுதிப்படவும், ஈறின் நார்கள் புதிய இடத்துக்குப் பழகவும் பல மாதங்கள் ஆகின்றன. சில நார்களுக்கு ஓராண்டுகூடத் தேவைப்படுகிறது. அதற்குப் பிறகும் பற்கள் மெல்ல நகர்ந்துகொண்டுதான் இருக்கும் என்பதால், பற்களைப் புதிய இடத்திலேயே பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் என்ற கருவியை இரவில் நெடுங்காலம் அணிய வேண்டியிருக்கும். இதைக் கம்பி கழற்றிய மகிழ்ச்சியில் இருக்கும் பிள்ளையிடம் கடைசி நாளில் சொன்னால், அது தண்டனைபோலத்தான் அதன் காதில் விழும். முதல் நாளிலேயே சொல்லப்பட வேண்டிய செய்தி இது. கம்பியைச் சுற்றிச் சரியாகத் துலக்காவிட்டால் ஒரு மாதத்துக்குள்ளேயே பல்லில் வெள்ளைத் தழும்புகள் விழத் தொடங்கலாம் என்பதையும், வேர்நுனிகள் ஓரளவு தேயக்கூடும் என்பதையும், கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் பிராக்கெட் கழன்றுபோனால் அதற்கும் ரிட்டெய்னருக்கும் ஆகும் செலவு மொத்தத் தொகையில் அடங்குமா என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். கேட்டால் அவமரியாதையாகிவிடுமோ என்று தயங்கும் பெற்றோர் எத்தனையோ பேர். பயந்து ஓடிவிடுவோம் என்று எண்ணாதீர்கள். முன்கூட்டியே தெரிந்த சிரமத்தைத் தாங்கிக்கொள்வது எங்களுக்கு எளிது.

அந்தப் பேச்சைப் பிள்ளையிடமும் பேசுங்கள். போன மாதம் ஆலோசனைக்குப் போனபோது, என் மகள் நாற்காலியில் படுத்திருக்க, அவளுடைய வாயைப் பற்றி அவளுடைய தலைக்கு மேலாக நாங்கள் பெரியவர்கள் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நானும் அதில் ஒருத்தி. வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்டது, “அந்தப் பல் உள்ளேயே செத்துப்போச்சாம்மா?” என்பதுதான். அது உயிரோடுதான் இருக்கிறது, இடம் கிடைத்தால் வந்துவிடும் என்று நான் சொன்ன பிறகே அவள் முகம் தெளிந்தது.

என் மகனுக்கு இப்போது 5 வயது. அவனுடைய உதட்டை மாதம் ஒருமுறை நானே தூக்கிப் பார்த்துவிடுகிறேன். இரண்டு வயதில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது, உடனே கொண்டுபோய்க் காட்டினேன், வார்னிஷ் பூசினார்கள், கோடு அங்கேயே நின்றுவிட்டது. அவனுடைய இருபது பற்களும் இருக்கின்றன. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அவனுடைய அக்காவின் சொத்தைப் பல்தான். வேறொரு தாய் இதை அப்படிக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

அடுத்த மாதம், முன்னே சாய்ந்த அந்தக் கடைவாய்ப் பல்லைப் பின்னுக்குத் தள்ளி இடம் திறக்கும் வேலை தொடங்குகிறது. என் மகள் தன் கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறாள், மொத்தம் பதினொன்று. அவற்றுக்கு அவளைப் பார்த்தே பதில் சொல்லுமாறு அந்த மருத்துவரைக் கேட்டுக்கொள்ளப்போகிறேன். உங்கள் நாற்காலிகளில் அமரும் மற்றப் பிள்ளைகளிடமும் தாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே செய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாய்